ரெண்டு விசில்

ஜூன் 3, புதன்

டாக்டர் சொன்னதால் எழுதுகிறேன். இல்லாவிட்டால் எனக்கும் டைரிக்கும் என்ன சம்பந்தம்? "கோபம் வந்தா வாயைத் திறக்காதீங்க மாசிலாமணி, ஒரு நோட்டுல எழுதுங்க, பிரஷர் இறங்கும்" என்றார். மாநகரப் பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டராக இருந்தவனைப் பார்த்து வாயைத் திறக்காதே என்கிறார். இந்தப் படிப்புக்கு ஐந்து வருஷம்!

ரிடையர் ஆகி மூன்று நாள். காலையில் ஹாலில் நடந்துகொண்டிருந்தேன். அடுப்படியில் குக்கர் ஒரு விசில் அடித்தது. அப்படியே நின்றுவிட்டேன். ஒரு விசில் என்றால் வண்டி நிற்கணும், இரண்டு விசில் என்றால் கிளம்பணும். ரத்தத்தில் ஊறிப்போன விஷயம். அடுத்த விசில் வரும்வரை நடு ஹாலில் நின்றேன். என் சம்சாரம் கோமளா எட்டிப் பார்த்து, "இன்னாங்க, ஸ்டாப்பிங் வந்துடுச்சா?" என்றாள்.

என் விசிலை இன்னும் சட்டைப் பையில்தான் வைத்திருக்கிறேன். சாமி படத்துக்கிட்ட மாட்டி வையுங்கள் என்கிறாள். நான் என்ன செத்தா போய்விட்டேன்?

ஜூன் 4, வியாழன்

மாத்திரை போட்ட பிறகு எழுதுகிறேன்.

என் ஒரே மகள் எழிலரசி. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. இன்று சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். ஒருத்தரைப் பிடித்திருக்கிறதாம். பெயர் நவநீதன். எங்கே பார்த்தாய் என்றேன். மின்சார ரயிலில் என்றாள்.

மின்சார ரயிலில்! கண்டக்டர் பெற்ற பெண்! பஸ்ஸில் போனால் ஆபீசுக்கு லேட்டாகிறது என்று எனக்குத் தெரியாமல் இரண்டு வருஷமாக ரயிலில் போயிருக்கிறாள். காதலித்ததைக்கூட மன்னித்துவிடலாம்.

பையன் என்ன வேலை என்றேன். ரயில்வேயில் அசிஸ்டென்ட் டிரைவராம், இப்போது போஸ்டிங் ஆந்திராவில், குண்டக்கல்லில். கல்யாணம் ஆனால் இவளும் அங்கேதான், வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொள்ளலாமாம். பையனுடைய அப்பா? அவரும் ரயில் டிரைவர், பெயர் துரைக்கண்ணு. ரிடையர் ஆகி, இப்போது ரயில் மியூசியத்தில் வருகிறவர்களுக்குப் பழைய இன்ஜின்களைச் சுற்றிக் காட்டுகிறாராம். சம்பளம் இல்லை, ஆசைக்குச் செய்கிறாராம். குடும்பமே தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது.

என் ரூட்டில் ஒரு ரயில்வே கேட் உண்டு. நான் போகும்போதெல்லாம் மூடியிருந்த கேட். ஜனங்கள் ரயிலையா திட்டுவார்கள்? கண்டக்டரைத்தான் திட்டுவார்கள். "யோவ், இன்னாய்யா வண்டி ஓட்டுறீங்க, வேலைக்குப் போறதா வேணாமா?" என்பார்கள். அப்போது இன்ஜினில் ஒருத்தன் முழங்கையை ஜன்னலில் வைத்துக்கொண்டு மகாராஜா மாதிரி கடந்து போவான். அந்த மகாராஜா வீட்டுக்கு என் பெண்ணா?

முடியாது என்றேன்.

எழில் அழவில்லை, கத்தவும் இல்லை. "நீங்க வேணாம்னா நான் கட்டிக்க மாட்டேன்ப்பா. ஆனா வேற யாரையும் கட்டிக்க மாட்டேன். ஆடி பொறக்கறதுக்குள்ள காரணம் சொல்லுங்க. நியாயமான காரணமா இருந்தா நானே அவர்கிட்ட வேணாம்னு சொல்லிடறேன். கேட்டு மூடினாங்கங்கறதெல்லாம் காரணம் கிடையாது" என்றாள்.

அப்படியே அவள் அம்மா வாய்.

ஜூன் 5, வெள்ளி

பெண் கொடுப்பதற்கு முன்னால் பையன் வீட்டைப் பற்றி அவர்களுக்குத் தெரியாமல் விசாரிப்பது நம் வழக்கம். தெருமுனை டீக்கடை, இஸ்திரி போடுகிறவர், எதிர்வீடு. என் மாமனார் டிப்போ கேன்டீனில் என்னைப் பற்றி விசாரித்தார். "வாய் ஜாஸ்தி, ஆள் நம்பிக்கை" என்று பதில் வந்ததாம். அதன் பிறகுதான் கோமளாவைக் கொடுத்தார்.

நானும் விசாரிக்கப் போகிறேன். குறை இல்லாத மனுஷன் உலகத்தில் உண்டா? குடிப்பார், இல்லை பொய் சொல்வார், இல்லை முன்கோபியாக இருப்பார். முன்கோபிகளோடு சம்பந்தம் வைத்துக்கொள்ள முடியாது, அது எனக்குச் சுத்தமாக ஆகாது.

கோமளாவிடம், ரிடையரான கண்டக்டர்களுக்குச் சங்கம் ஆரம்பித்திருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை கூட்டம் என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 7, ஞாயிறு

மியூசியம் பெரிய இடம். மரங்களுக்கு நடுவே தண்டவாளம் போட்டு வரிசையாக நிறுத்திவைத்திருக்கிறார்கள். கரி இன்ஜின், டீசல் இன்ஜின், மலை இன்ஜின், அந்தக் காலத்து கவர்னர் போன பெட்டி, கிரேன். எங்கள் டிப்போவைவிடச் சுத்தமாக இருந்தது. ஓடாத வண்டியைச் சுத்தமாக வைத்துக்கொள்வது என்ன பெரிய காரியம்?

வாசலில் சிறு தகராறு. நுழைவுச் சீட்டைக் கையில் வாங்கியதும் பழக்கதோஷத்தில் முனையைக் கிழித்துவிட்டேன். எனக்குப் பின்னால் நின்ற அம்மாள் என்னை என்னவென்று நினைத்தாளோ, தன் சீட்டையும் நீட்டினாள். அதையும் கிழித்துக் கொடுத்து, "உள்ள போம்மா, வழியில நிக்காத" என்றேன். காவலாளி என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

துரைக்கண்ணுவைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. சட்டையில் பெயர் குத்தியிருந்தது. ஒல்லியான உயரமான ஆள், நரைத்த மீசை, கழுத்தில் சிவப்புக் கர்ச்சீப். கரி இன்ஜின் காலத்து டிரைவர்கள் தலையில் கட்டுவார்களாம். என்னைப் பார்த்ததும் ஒரு விநாடி அப்படியே நின்றார். பிறகு கும்பிட்டார்.

"வாங்கய்யா. எந்த ஊரு?"

"திருவண்ணாமலை. அரிசி மண்டி. பேரு ஏகாம்பரம்." எல்லாம் பஸ்ஸிலேயே யோசித்துவைத்திருந்தேன்.

"அரிசி மண்டியா!" என்று சந்தோஷப்பட்டார். எதற்கு இவ்வளவு சந்தோஷம் என்று தெரியவில்லை.

முதலில் மலை இன்ஜினைக் காட்டினார். அடியில் பல்சக்கரம். இரண்டு தண்டவாளத்துக்கு நடுவே பல்லுப் பல்லாக இன்னொரு கம்பி, அதைக் கவ்விக்கொண்டு ஊட்டிக்கு ஏறுமாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மலை ஏற இவ்ளோ பல்லு வேணுமா? கொல்லிமலைக்கு எங்க பஸ்ஸுங்க பல்லில்லாமலே ஏறுதே!"

"உங்க பஸ்ஸுங்களா?"

"நான்... மூட்டை எடுத்துக்கினு போற பஸ்ஸு."

"ஓ, மூட்டை" என்றார். மீசைக்குள் ஏதோ அசைந்தது. கொட்டாவியாக இருக்கும்.

இன்றைய விசாரணை: குறை எதுவும் அகப்படவில்லை. முதல் நாள்தானே.

ஜூன் 8, திங்கள்

போனேன். திங்கட்கிழமை விடுமுறையாம். பஸ்ஸுக்கு எந்தத் திங்கட்கிழமை விடுமுறை விட்டார்கள்?

ஜூன் 10, புதன்

குடிக்கிறாரா என்று பார்க்கும் நாள் இது. தோளில் ஒரு பிளாஸ்க் மாட்டியிருக்கிறார், அடிக்கடி ஒதுங்கிப் போய்க் குடிக்கிறார். சிக்கினார் என்று நினைத்தேன். அவர் ஒரு பள்ளிக்கூடக் கூட்டத்தோடு போன சமயம் பார்த்து மூடியைத் திறந்து மோந்தேன். சுக்குமல்லி காபி. திரும்பினால் பக்கத்திலேயே நிற்கிறார்.

"ஒரு வாய் ஊத்தட்டுமாய்யா? மோந்து பார்த்தா தொண்டைக்கு இறங்காது."

வேறு வழியில்லாமல் குடித்தேன். வெல்லம் அளவாகப் போட்டிருந்தது. ஒரு டம்ளர்தான் குடிக்க நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கோமளா, "சங்கத்துல எத்தினி பேரு?" என்றாள். வாய் தவறி, "ஒருத்தர்" என்றுவிட்டேன். "ஒருத்தர்தான் ரெகுலரா வராரு" என்று சமாளித்தேன். கண்டக்டர் மூளை.

ஜூன் 16, செவ்வாய்

பொறுமையைச் சோதித்தேன். காலையிலிருந்து கிறுக்குத்தனமான கேள்விகளாகக் கேட்டேன். இன்ஜினுக்கு ஸ்டியரிங் எங்கே? இந்தச் சக்கரத்துக்குப் பஞ்சர் போடுவது யார்? ரிவர்ஸ் எடுக்கும்போது கிளீனர் எங்கே நிற்பான்? எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். கடைசியில், "இந்த இன்ஜின் மொத்தம் எத்தினி கேட்டை மூடி எத்தினி பேரு வாயில வுழுந்திருக்கும்?" என்று கேட்டேன்.

"திட்டறது எங்களுக்குக் கேக்காதுன்னு நினைக்கறீங்களா? எல்லாம் கேக்கும். ஆனா நாங்க மட்டும் என்ன, சிக்னல் குடுக்காம ஸ்டேஷனுக்கு வெளியே அவுட்டர்ல எத்தனை தடவை நின்னிருக்கோம்? பெட்டியில இருக்கறவன் எங்களைத்தான் திட்டுவான். எல்லாத் திட்டும் கடைசியில வண்டியில வேலை பார்க்கறவனுக்குத்தான்யா."

அது நியாயமான பேச்சுதான். அதற்காகச் சம்பந்தம் பண்ணிவிட முடியுமா?

பிறகு கரி இன்ஜின் மேலே ஏறச் சொன்னார். "தொடாதீர்கள்" என்று பலகை இருந்தது. தொட்டால் கத்துவார் என்று நினைத்து வேண்டுமென்றே தொட்டேன். "நல்லாப் பிடிச்சுக்கோங்க, அதுதான் ரெகுலேட்டர், அதை இழுத்தாத்தான் வண்டி நகரும்" என்று என் கையை எடுத்து அதன்மேல் வைத்தார். வாலிபத்தில் இதே மாதிரி இன்ஜினில் கரி அள்ளிப் போட்டாராம். முகத்தில் அனல், முதுகில் மழை. டிரைவர் உட்காரும் பலகையில் உட்கார்ந்து, முழங்கையை ஜன்னலில் வைத்துப் பார்த்தேன். வேவு பார்ப்பதற்காகத்தான். அங்கிருந்து பார்த்தால் முன்னால் முழுக்க இன்ஜினின் வயிறுதான். ரோடே தெரியாது. ஓரமாக ஒரு கீற்று தெரியும், அதை வைத்துக்கொண்டு ஆயிரம் பேரைக் கொண்டுபோகணும். மகாராஜா மாதிரி போகிறான் என்று நினைத்தேனே, தலையை நீட்டாவிட்டால் ஒன்றும் தெரியாமல்தான் அப்படிப் போயிருக்கிறான்.

கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். மூடும் நேரம் என்று காவலாளி வந்து இறக்கிவிட்டான்.

ஜூன் 17, புதன்

கோமளா இட்லி கட்டிக் கொடுக்கிறாள். டிபன் கேரியரில் இரண்டு அடுக்கு. "எனக்கு எதுக்கு இம்மாம் இட்லி?" என்றேன். "சங்கத்துக்காரருக்கும் சேர்த்துத்தான். அவருக்கு மொளகாப்பொடி ஆகாதாமே, சட்னி தனியா வெச்சிருக்கேன்" என்றாள்.

அவருக்கு மிளகாய்ப்பொடி ஆகாது என்று இவளுக்கு யார் சொன்னது? நான்தான் சொல்லியிருப்பேன். வயசாகிறது, மறந்துபோகிறது.

ஜூன் 21, ஞாயிறு

மியூசியத்தைச் சுற்றிக் குழந்தைகளுக்கு ஒரு குட்டி ரயில் விடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அதை ஓட்டுவது துரைக்கண்ணு. இன்று நானும் ஏறினேன். கம்பியைப் பிடிக்காமல், காலை அகட்டி, முதுகைத் தூணில் சாய்த்து நின்றேன். எனக்கு உட்கார்ந்து பழக்கமில்லை. ஜனங்கள் நடுவில் இடமிருக்க வாசலிலேயே அடைத்துக்கொண்டு நின்றார்கள். பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது? "உள்ள போங்க, உள்ள போங்க! நடுவுல கிரிக்கெட்டே ஆடலாம், எல்லாரும் படியிலயே தொங்குறீங்க!" என்றேன். ஒரே நிமிஷத்தில் வண்டி நிரம்பியது. கொடி பிடித்திருந்த பெண் எனக்கு நன்றி சொன்னாள்.

இறங்கினதும் துரைக்கண்ணு, "மண்டியில மூட்டையை இப்படித்தான் அடுக்குவீங்களோ?" என்றார்.

"ஆமா. மூட்டையும் சொன்ன பேச்சு கேக்காது."

பேச்சுவாக்கில் கேட்டேன், வண்டி கிளப்ப நீங்கள் விசில் அடிக்க மாட்டீர்களா என்று. "எங்களுக்குக் கொடிதான்யா. சிவப்பு காட்டினா நிக்கணும், பச்சை காட்டினா போகணும். கீழே இருந்து எவன் விசில் அடிச்சாலும் வண்டி நிக்காது, நிக்கவும் கூடாது" என்றார். எனக்குச் சிரிப்பாக வந்தது. விசிலுக்கு நிற்காத வண்டி ஒரு வண்டியா?

எழில் கேட்டாள், "காரணம் கிடைச்சுதாப்பா?" விசாரணை நடக்கிறது என்றேன்.

ஜூன் 28, ஞாயிறு

குறை ஒன்று கிடைத்தது. இட்லியைச் சர்க்கரை தொட்டுத் தின்கிறார்.

எழிலிடம் சொன்னேன். பத்தாது என்றாள்.

ஜூலை 5, ஞாயிறு

இன்றும் மாத்திரை போட்ட பிறகுதான் எழுதுகிறேன்.

இன்று கூட்டமென்றால் கூட்டம். குட்டி ரயிலின் கடைசிப் பெட்டியில் வழக்கம்போல நின்றேன். முன்னால் துரைக்கண்ணு இன்ஜினில். கொடிப் பெண் பச்சை காட்டினாள், வண்டி நகர்ந்தது. அப்போதுதான் பார்த்தேன். ஒரு அம்மாள் கைக்குழந்தையோடு ஏறிவிட்டாள், அவளுடைய மூத்த பெண் குழந்தை, கீழே விட்டுப்போன செருப்பை எடுக்க இறங்கியிருக்கிறது. வண்டி நகர்ந்ததும் அது ஓடிவந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. கால் தரையில் இழுபடுகிறது. சக்கரம் பக்கத்தில். கொடிப் பெண் அந்தப் பக்கம் திரும்பி வரிசையைச் சரிபண்ணிக்கொண்டிருந்தாள்.

விசில் எப்போது வாய்க்கு வந்தது என்று எனக்குத் தெரியாது. ஒன்று அடித்தேன்.

வண்டி குலுங்கி நின்றது.

குதித்துக் குழந்தையைத் தூக்கினேன். முழங்காலில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. "ஏம்மா, புள்ளையைப் பெத்தியா, குடை மாதிரி மறந்து வெச்சுட்டுப் போறதுக்கு வாங்குனியா? செருப்பு போனா வேற செருப்பு வாங்கலாம், காலு போனா எந்தக் கடையில வாங்குவே?" என்று ஆரம்பித்தேன். அவள் அழுதுவிட்டாள். பிறகு எனக்கே பாவமாகி, குழந்தையைப் பக்கத்தில் உட்காரவைத்து, இரண்டு பக்கமும் பார்த்து, ரெண்டு விசில் அடித்தேன். "ரைட், போலாம்!"

வண்டி கிளம்பியது. துரைக்கண்ணு ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பாதிச் சுற்று வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. விசிலுக்கு நிற்காத வண்டி எப்படி நின்றது? பச்சைக் கொடி இல்லாமல் எப்படிக் கிளம்பியது?

மரத்தடி பெஞ்சில் கேரியரைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டேன். "ஒரு விசிலுக்கு எப்பிடி சார் நின்னீங்க?"

"நீங்க அடிச்சா நிக்கணுமே."

"விசிலுக்கு வண்டி நிக்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது ரயில்காரன் கணக்கு. உங்க கணக்கு ஒண்ணு அடிச்சா ஸ்டாப், ரெண்டு அடிச்சா ரைட்." இட்லியைச் சர்க்கரையில் புரட்டினார். "மே மாசம் பூரா உங்க பஸ்ஸுலதானே வந்தேன், கண்டக்டர் சார்!"

தொண்டையில் இட்லி நின்றது. அவரே தண்ணீர் கொடுத்தார்.

"பொண்ணைக் குடுக்கறவங்க மட்டும்தான் விசாரிக்கணுமா? எடுக்கறவங்களுக்கு வேணாமா? எந்த வண்டி, எந்த நேரம்னு எழிலரசிதான் சொல்லிச்சு. நீங்க எப்படின்னு பார்க்கணும்னே ஒரு நாள் படியில தொங்கினேன். என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

இல்லை. ஒரு நாளைக்கு நூறு பேரைத் திட்டுகிறவனுக்கு யார் முகம் ஞாபகமிருக்கும்?

"'யோவ் பெருசு, மீசை நரைச்சும் புத்தி வரலியா? நீ வுழுந்து செத்தா உம்பொண்டாட்டிக்கு நானா வந்து பதில் சொல்றது? உள்ள வாய்யா!'ன்னு காலரைப் பிடிச்சு உள்ளே இழுத்துப் போட்டீங்க. பட்டன் அறுந்துபோச்சு. அந்தப் பட்டனையும் குனிஞ்சு பொறுக்கி என் கையில குடுத்தீங்க. சாயங்காலம் வீட்டுக்குப் போய் சம்சாரத்துகிட்ட சொல்லிட்டேன், எடுத்தா இந்த இடத்துலதான் பொண்ணு எடுக்கணும்னு."

"அப்போ முதல் நாள்லேருந்தே என்னைத் தெரியும்!"

"வாசல்ல டிக்கெட் கிழிச்சீங்களே, அப்பவே பார்த்துட்டேன்."

"பொய்க்காரன்யா நீ!" என்று எழுந்தேன்.

"வாஸ்தவம்தான், ஏகாம்பரம் சார்" என்றார்.

கேரியரை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஜூலை 6, திங்கள்

காரணம் கிடைத்துவிட்டது. பொய் சொல்லும் குடும்பம். எழிலிடம் சொன்னேன். "அப்போ அரிசி மண்டி?" என்றாள். அது விசாரணை, அது பொய்யில் சேராது என்றேன். அடுப்படியில் கோமளா சிரிக்கும் சத்தம் கேட்டது. பாத்திரம் விழுந்தது என்கிறாள்.

வீட்டில் எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. சங்கம் இல்லை என்பதும் தெரியும், சுக்குமல்லி காபியும் தெரியும். ஒரு மாசமாக என்னை வைத்து நாடகம் போட்டிருக்கிறார்கள்.

யாரிடமும் பேசப் போவதில்லை.

ஜூலை 9, வியாழன்

பேசவில்லை. யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

கேரியர் திரும்பி வந்துவிட்டது, எழில் கையில். கழுவித் துடைத்து, ஒரு அடுக்கில் அதிரசம். பாத்திரத்தைக் காலியாகத் திருப்பித் தரக் கூடாது என்று அந்த வீட்டு அம்மா சொன்னாராம். கீழ் அடுக்கில் ஒரு சின்னப் பொட்டலம். பிரித்தால் நாலு ஓட்டை வைத்த வெள்ளைச் சட்டைப் பட்டன்.

அதிரசம் ஒன்று தின்றேன். பாகு பதம் சரியாக இருந்தது, அதில் குறை சொல்ல முடியாது.

ஜூலை 16, வியாழன்

நாளை ஆடி பிறக்கிறது. காலையிலிருந்து எழில் ஆபீஸ் வேலையை வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டு, என் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் லேப்டாப்பை மூடினாள்.

"காரணம் சொல்லுங்கப்பா."

எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்துவிட்டேன். குடிக்கவில்லை. முன்கோபி இல்லை, அது நான்தான். பொய், அதிலும் நான் முந்திக்கொண்டேன். கேட் மூடியது காரணம் இல்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். பையனை இரண்டு தடவை மியூசியத்தில் தூரத்திலிருந்து பார்த்தேன். லீவில் வந்திருந்தான், அப்பாவுக்கு பிளாஸ்க் தூக்கிக்கொண்டு நடந்தான். அவனிடமும் குறை இல்லை. அதை இதுவரை இந்த நோட்டில் எழுதவில்லை.

"தூரம்" என்றேன்.

"என்னப்பா?"

"குண்டக்கல்லு தூரம்மா. நான் ரிடையராயிட்டேன். காலையில எழுந்தா போறதுக்கு ஒரு இடம் இல்ல. நீ சாயங்காலம் வருவேன்னுதான் பகல் பூரா ஓட்டறேன். நீயும் போயிட்டா நான் இந்த ஹாலுல எங்கேருந்து எங்க நடப்பேன்?" இவ்வளவும் நானேதான் சொன்னேன். கோமளா அடுப்படி வாசலில் வந்து நின்றாள். யாரும் சிரிக்கவில்லை.

எழில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. இருந்தாலும் வாய் யாருடைய வாய்?

"முப்பது வருஷமா ஜனங்களுக்குத் தூரத்துக்குத்தானேப்பா டிக்கெட் குடுத்தீங்க? போறவங்க எல்லாரும் திரும்பி உங்க வண்டியிலதானே வந்தாங்க?"

சட்டம் பேசுகிற பிள்ளைகளைப் படிக்கவைக்கவே கூடாது.

சட்டைப் பையிலிருந்த விசிலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பிறகு, "ரைட்" என்றேன்.

சொல்லி வாய் மூடவில்லை, கோமளா கேசரித் தட்டோடு வந்துவிட்டாள். நெய் மணக்க, முந்திரி போட்டு, ஆறியே போயிருந்தது. இதை எப்போது கிண்டினாள்? "காலையிலயே" என்றாள்.

ஜூலை 19, ஞாயிறு

மியூசியம் போனேன். சொந்தப் பெயரிலேயே. பட்டனைத் திருப்பிக் கொடுத்தேன். "உங்க சட்டைக்குத் தைக்கச் சொல்லுங்க, சம்பந்தி" என்றேன். அந்த வார்த்தையை ஆடியில் சொல்லலாமா என்று தெரியவில்லை. சொல்லிவிட்டேன்.

இனி ஞாயிற்றுக்கிழமை குட்டி ரயிலில் ஆள் ஏற்றி இறக்கும் வேலை என்னுடையது. சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு ரெண்டு. கொடிப் பெண்ணோடு பேசி முடித்துவிட்டோம்.

செப்டம்பர் 13, ஞாயிறு

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. பந்திக்குக் கூட்டம் வாசலில் நின்றபோது நான், "உள்ள போங்க, பின்னாடி எடம் காலி" என்று கத்தினேனாம். ஞாபகமில்லை. துரைக்கண்ணு சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

செப்டம்பர் 20, ஞாயிறு

சென்ட்ரலுக்குப் போனோம். மதிய ரயில். துரைக்கண்ணு என்னை முதலில் இன்ஜின் வரைக்கும் இழுத்துக்கொண்டு போய் டிரைவரிடம் காட்டினார். "என் சம்பந்தி. பஸ்ஸுல இருந்தவரு. உங்களை ரொம்பத் திட்டியிருக்காரு" என்றார். அந்தப் பையன் எனக்கு சல்யூட் அடித்தான். நானும் அடித்தேன். என்ன செய்வது?

எழில் கதவருகே நின்று அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள். "படியில நிக்காத, உள்ள போ" என்றேன். "நீங்களும் பின்னால நகருங்கப்பா, மஞ்சக் கோட்டைத் தாண்டி நிக்கிறீங்க" என்றாள். மாப்பிள்ளை, "நான் பார்த்துக்கறேன் மாமா" என்றார். பார்த்துக்கொள்வார். விசாரித்துவிட்டேன்.

கடைசிப் பெட்டியிலிருந்து பச்சைக் கொடி ஆடியது. வண்டி சத்தமே இல்லாமல் நகர்ந்தது. பஸ் என்றால் ஒரு உறுமலாவது இருக்கும், மனசைத் தயார் பண்ணிக்கொள்ளலாம். எழில் உள்ளே ஓடி ஜன்னலுக்கு வந்து கையை வெளியே நீட்டினாள்.

என் கை பைக்குப் போனது. துரைக்கண்ணு என் மணிக்கட்டைப் பிடித்தார். "சம்பந்தி, ஒண்ணு மட்டும் அடிச்சிடாதீங்க" என்றார்.

ஒன்று அடித்தால் அந்த வண்டி நிற்காது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். இருந்தாலும் விசிலை வாயில் வைத்தபோது மனசில் அந்த ஒரு விசில்தான் இருந்தது. வளையல் போட்ட கை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. கோமளா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரெண்டு அடித்தேன்.

பிளாட்பாரம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அடுத்து 'ரைட்' சொல்லணும், முப்பது வருஷப் பழக்கம், வாய் வரவில்லை. கோமளாதான் சொன்னாள்.